அறுபதுக்கு மேல போனதே இல்லை

எங்கப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். அவர் மேல ஆயிரம் குறை சொல்லலாம் (எங்கம்மா சொல்லுவாங்க, நேரம் இருந்தா உக்காந்து கேளுங்க). ஆனா வேகமா வண்டி ஓட்டுறவர்னு மட்டும் யாரும் சொன்னதில்லை. 1998ல பி.எஃப். லோன் போட்டு வாங்கின வெள்ளை மாருதி 800. ஊருக்குள்ள முப்பது, ஹைவேஸ்ல அறுபது. பின்னாடி பஸ்காரர் ஹாரனை அழுத்தி அழுத்தி ஓய்ஞ்சு போனாலும் சரி, அறுபதுன்னா அறுபதுதான்.

அப்பேர்ப்பட்டவருக்கு 2024 ஆடி மாசத்துல போன்ல ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. தஞ்சாவூர் போற வழியில, அறுபதுன்னு பலகை வெச்சிருக்கிற ஒரு இடத்துல, 76 கிலோமீட்டர் வேகத்துல போனதா சலான். அபராதம் ஆயிரம் ரூபாய். போட்டோவும் போட்டிருந்தாங்க. நம்ம வண்டியேதான், நம்பர் பிளேட் பளிச்சுன்னு தெரியுது.

ஆயிரம் ரூபாய் அவருக்குப் பெரிசில்லை. அந்த எழுபத்தாறுதான் தாங்கல. கோயம்புத்தூர்ல இருக்கிற எனக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு போன்.

"டேய், நான் அறுபதுலதான் போயிட்டிருந்தேன். மீட்டரைப் பார்த்துக்கிட்டே போனேன். அவங்க மெஷின்ல ஏதோ கோளாறு. நீ இங்கிலீஷ்ல ஒரு பெட்டிஷன் அடிச்சுக் குடு, அனுப்புவோம்."

"அப்பா, முதல்ல நம்ம மீட்டரைப் பார்த்துடலாமே?"

"அதுக்கென்ன? இருபத்தாறு வருஷமா ஓடுது. ஒரு நாள் நின்னதில்லை."

அதுதான் சிக்கலே. நின்னு போன மீட்டரைக் கண்டுபிடிக்க யாரும் தேவையில்லை. ஓடிக்கிட்டே தப்பா காட்டுற மீட்டரை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. சனிக்கிழமை பஸ் பிடிச்சுத் திருச்சிக்குப் போனேன். பள்ளிக்கூடம் லீவு, மகளும் கூட வந்தா.

இந்தக் காலத்து வண்டி வெச்சிருக்கிறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இப்ப சென்சார், கம்ப்யூட்டர்னு என்னென்னவோ வந்தாச்சு. பழைய வண்டியில எல்லாமே சுத்துற சமாச்சாரம். கியர் பாக்ஸ்ல ஒரு குட்டிப் பல்சக்கரம் இருக்கும். அதுல இருந்து டாஷ்போர்டு வரைக்கும் ஒரு கேபிள் வரும். மேல உறை, உள்ள முறுக்குக் கம்பி. சக்கரம் சுத்த சுத்த உள்கம்பியும் சுத்தும். மீட்டருக்குள்ள வந்ததும் அந்தச் சுத்து ரெண்டு வேலை செய்யும். பல்சக்கரங்களைத் தள்ளி கிலோமீட்டர் எண்களை உருட்டுறது ஒரு வேலை. ஒரு காந்தத்தைச் சுத்த வைக்கிறது இன்னொரு வேலை.

அந்தக் காந்தத்துலதான் வித்தை இருக்கு. அதுக்கு மேல ஒரு அலுமினியக் கிண்ணத்தைக் கவுத்து வெச்சிருப்பாங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடவே தொடாது. ஆனா காந்தம் சுத்தும்போது கிண்ணத்துல சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் அது கூடவே திரும்பப் பார்க்கும். தலைமுடி மாதிரி மெல்லிசா ஒரு ஸ்பிரிங், போகாதேன்னு பின்னாடி இழுக்கும். காந்தத்தோட இழுப்பும் ஸ்பிரிங்கோட இழுப்பும் சமமாகிற இடத்துல கிண்ணம் நிக்கும். கிண்ணத்தோட தண்டு நுனியில செருகியிருக்கிற முள்ளு, அந்த இடத்தை நமக்குக் காட்டும். அவ்வளவுதான். ஓட்டோ ஷூல்ட்ஸேங்கிற ஜெர்மன்காரர் 1902ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். வெறும் ஒரு காந்தமும் ஒரு கிண்ணமும் நூறு வருஷத்துக்கு மேல உலகத்தையே ஏமாத்தாம ஓட்டியிருக்கு.

இந்த அமைப்பு மண்டையில ஏறிடுச்சுன்னா பாதி வைத்தியம் முடிஞ்சது. முள்ளும் அசையல, கிலோமீட்டரும் ஓடலைன்னா கேபிள் அறுந்திருக்கும், இல்லைன்னா கியர் பாக்ஸ் பக்கத்துப் பல்சக்கரம் போயிருக்கும். மீட்டர் பக்கம் கேபிளைக் கழட்டிட்டு, முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, நியூட்ரல்ல வெச்சுக் கையால சுத்திப் பாருங்க. உள்கம்பி சுத்தினா கேபிள் நல்லா இருக்குன்னு அர்த்தம், கோளாறு மீட்டருக்குள்ள. (சாவியை எடுத்துட்டு, பின் சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டுப் பண்ணுங்க சாமி.) முள்ளு சாமியாடுற மாதிரி ஆடினா கேபிள் காய்ஞ்சிருக்கும், அல்லது எங்கேயோ ரொம்ப மடிஞ்சு வந்திருக்கும். கொஞ்சமா கிரீஸ் தடவினா சரியாயிடும். கொஞ்சமான்னா கொஞ்சம்தான். அள்ளி அப்பினா கிரீஸ் கேபிள் வழியா மீட்டருக்குள்ள ஏறி, கிண்ணமும் காந்தமும் ஒட்டிக்கும். அப்புறம் முள்ளு ஒரேயடியா கடைசி எண்ணுல போய் நின்னுக்கும்.

நம்ம கேஸ் இதுல எதுலயும் வரல. முள்ளு ஆடல, நிக்கல, கிலோமீட்டர் ஒழுங்கா ஓடுது.

"டயரை மாத்தினீங்களா?"ன்னு கேட்டேன். டயர் பெரிசானா மீட்டர் குறைச்சுக் காட்டும். அவர் போட்டிருந்தது அதே பழைய 145/70 ஆர் 12தான். ஒருவேளை 155 அகலத்துல மாத்தியிருந்தாலும் மூணு சதவீத வித்தியாசம்கூட வராது. அறுபது எழுபத்தாறாக அது போதாது.

எனக்கு உறுத்தினது இன்னொண்ணு. வண்டி கம்பெனிகள் மீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுற மாதிரிதான் அமைப்பாங்க. ஐ.நா. வாகன விதிகள்ல 39ம் எண் விதி இதையேதான் சொல்லுது. மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகம் அறுபதுன்னா மீட்டர் எழுபது வரைக்கும் காட்டினா மன்னிப்பு உண்டு. அதனால மீட்டர்ல அறுபதுன்னா நிஜத்துல ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தெட்டு இருக்கிறதுதான் வழக்கம். எங்கப்பா வண்டி அதுக்கு நேரெதிரா நடந்திருக்கு.

அப்பாவோட டைரியை எடுத்தேன். 2006ல ரிட்டயர் ஆனதுல இருந்து எழுதுறார். பெட்ரோல் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எத்தனை மணிக்குச் சேர்ந்தோம், எல்லாம் இருக்கும். திருச்சி பால்பண்ணை தாண்டினதுல இருந்து தஞ்சாவூர் எல்லை வரைக்கும் அவர் கணக்குல 48 கிலோமீட்டர். 2007, 2008ல எல்லாம் ஐம்பது நிமிஷத்துக்குக் குறைஞ்சதே இல்லை. சமீபத்துப் பக்கங்கள்ல 42 நிமிஷம், 43 நிமிஷம்.

"நாலு வழிச் சாலை வந்துடுச்சுல்ல, நிக்காம போறோம்" என்றார் அப்பா.

நியாயமாத்தான் பட்டது. ஆனா நிக்காம போனாலும் அறுபதுல 42 நிமிஷத்துக்கு 42 கிலோமீட்டர்தானே போக முடியும்? மீதி ஆறு கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? கணக்கு வாத்தியார்கிட்ட இதைக் கேட்கிற தைரியம் அப்ப எனக்கு வரல. டைரியை மூடி வெச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலையில புதுக்கோட்டை ரோட்டுக்குக் கிளம்பினோம். ஏர்போர்ட் தாண்டி, மாத்தூர் தாண்டினா ரோடு நேராப் போகும், அந்த நேரத்துல கூட்டமும் இருக்காது. நான் டிரைவிங். மக பக்கத்துல ஜி.பி.எஸ். வேகம் காட்டுற போனும் ஒரு நோட்டும் வெச்சுக்கிட்டு. அப்பா பின் சீட்டுல, கையில அவரோட பழைய ஹெச்.எம்.டி. வாட்ச். ஜி.பி.எஸ்.ஸை அவர் ஒத்துக்கல. "வானத்துல இருக்கிறவனுக்கு என்ன தெரியும்? கிலோமீட்டர் கல்லு இருக்கு, வாட்ச் இருக்கு, நான் பார்த்துக்கிறேன்" என்றுவிட்டார்.

அவர் சொன்னதும் சரியான முறைதான். ஒரே வேகத்துல போய், ஒரு கல்லுல இருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை செகண்டுன்னு பார்த்து, 3600ஐ அதால வகுத்தா வேகம். அறுபதுல போனா சரியா அறுபது செகண்டு ஆகணும்.

முள்ளை அறுபதுல நிறுத்தினேன். கல்லு வந்தது. "ஸ்டார்ட்" என்றார். அடுத்த கல்லு. வாட்சையே பார்த்துக்கிட்டிருந்தார். ஒண்ணும் சொல்லல. "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு கல்லு. மறுபடியும் இன்னொரு கல்லு. கண்ணாடியில பார்த்தேன். உதடு மட்டும் அசையுது. மனக்கணக்கு போடும்போது அவருக்கு எப்பவும் அப்படித்தான்.

"நாற்பத்தெட்டு செகண்டு" என்றார். வகுத்துச் சொல்லல. அதை மகதான் சொன்னா: "எழுபத்தஞ்சு, தாத்தா. ஜி.பி.எஸ்.லயும் எழுபத்தஞ்சு."

அதுக்கப்புறம் திரும்பி வர்ற வரைக்கும் அவர் பேசல.

திரும்புறப்ப மத்த வேகங்களையும் பார்த்தோம். இதை மட்டும் தவற விட்டுடாதீங்க, முக்கியமான இடமே இதுதான். அறுபதுல மட்டும் பார்த்துட்டு விட்டிருந்தா நோய் என்னன்னு தெரிஞ்சிருக்காது. காந்தம் வயசாகி சக்தி குறைஞ்சாலும் மீட்டர் குறைச்சுக் காட்டும். ஆனா அது விகிதக் கணக்கு. நூத்துக்கு இருபது குறையுதுன்னா 75க்கு 60 காட்டும், 40க்கு 32 காட்டும், 20க்கு 16 காட்டும். நாங்க பார்த்தது வேற மாதிரி இருந்தது. ஜி.பி.எஸ். எழுபதுன்னா முள்ளு ஐம்பத்தஞ்சு. ஐம்பதுன்னா முப்பத்தஞ்சு. நாற்பதுன்னா இருபத்தஞ்சு. மெதுவா உருட்டிப் பார்த்தா, பதினஞ்சு வர்ற வரைக்கும் முள்ளு பூஜ்யத்தைவிட்டு எழும்பவே இல்லை. எந்த வேகத்துலயும் வித்தியாசம் பதினஞ்சு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கிலோமீட்டர் எண்ணையும் கல்லையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். பத்துக் கல்லுக்குச் சரியா பத்து. அப்ப பல்சக்கரம், கேபிள், டயர் மூணும் குத்தமில்லை. காந்தமும் ஸ்பிரிங்கும் விகிதத்தைச் சரியா வெச்சிருக்கு. மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. முள்ளு தண்டுல தப்பான கோணத்துல உக்காந்திருக்கு. பூஜ்யத்துக்குக் கீழ போகாம ஒரு குட்டி ஆணி முள்ளைத் தடுக்குதுல்ல, அதனால நிக்கும்போது பார்த்தா எந்தக் குறையும் தெரியாது. ஓடும்போது மட்டும் எப்பவும் பதினஞ்சு பின்தங்கியே வரும்.

முள்ளு தானா கழண்டு தானா மாட்டிக்காது. யாராவது பிடுங்கித் திரும்பச் செருகியிருக்கணும்.

யாருன்னு எனக்கு அந்த இடத்துலயே ஞாபகம் வந்துடுச்சு. வண்டியை ஓரங்கட்டி, தண்ணி குடிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்னேன்.

2009 பொங்கல். லீவுக்கு வந்திருந்தேன். மீட்டருக்குள்ள பல்பு போயிருந்தது. பல்பு மாத்துறேன்னு மீட்டர் போர்டைக் கழட்டினேன். கழட்டினதோட விட்டேனா? முள்ளு வெயில்ல வெளுத்துப் போயிருக்கேன்னு ரெண்டு ஸ்பூனைக் கீழ குடுத்து நெம்பி எடுத்தேன். அக்காவோட ஆரஞ்சு நெயில் பாலிஷ் அடிச்சுக் காயவெச்சு, பூஜ்யத்துல வெச்சு ஒரே அமுக்கு. முள்ளு அழகா பூஜ்யத்துல நின்னுச்சு. நெம்பினப்ப தண்டும் கூடத் திரும்பியிருக்கும்னு யோசிக்கிற அறிவு அப்ப இல்லை. எங்கப்பா பார்த்துட்டு, "கடையில குடுத்திருந்தா இருநூறு ரூபா புடுங்கியிருப்பான். பரவாயில்லைடா" என்றார். அவர் என்னைப் பாராட்டின சில சந்தர்ப்பங்கள்ல அது ஒண்ணு. நல்லா ஞாபகம் இருக்கு.

திங்கக்கிழமை ஒரு நாள் லீவு போட்டுட்டு மீட்டர் போர்டைக் கழட்டி, பழைய மீட்டர் ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர்கிட்டக் கொண்டு போனேன். பழைய வண்டி மீட்டர்களுக்கு நடுவுல உக்காந்திருந்தார். கண்ணாடியைக் கழட்டிப் பார்த்த உடனே சிரிச்சார்.

"முள்ளுக்கு யாரு தம்பி நெயில் பாலிஷ் போட்டது?"

"தெரியலைங்க. பழைய வண்டி" என்றேன். நாற்பத்தாறு வயசு ஆளு சொல்ற பதிலா அது? வாயில அப்படித்தான் வந்தது.

அவர் முள்ளை லேசா தூக்கி, தடுப்பு ஆணிக்கு அந்தப் பக்கம் விட்டார். அது சரசரன்னு கீழ இறங்கி, பூஜ்யத்துக்கு வெகு கீழ போய் நின்னுச்சு. "பாத்தீங்களா, இவ்வளவு தூரம் கீழ உக்கார வேண்டிய ஆளை ஆணியில இழுத்துக் கட்டிப் போட்டிருக்காங்க" என்றார். அப்புறம் முள்ளைப் பிடுங்கிட்டு, ஒரு சின்ன மோட்டாரைப் பின்னாடி மாட்டினார். ஜப்பான் வழி மீட்டர்கள்ல கணக்கு பெரும்பாலும் கிலோமீட்டருக்கு 637 சுத்து. அறுபது கிலோமீட்டர் வேகம்னா நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர், அதனால மோட்டார் நிமிஷத்துக்கு 637 சுத்து சுத்தினா முள்ளு அறுபதுல நிக்கணும். ஓட விட்டு, ஓடும்போதே முள்ளை அறுபதுக்கு நேரா செருகினார். அதுல இருக்கு தொழில். நிக்கும்போது பூஜ்யத்தைப் பார்த்துச் செருகினவன் நான். அவர் ஓடுற முள்ளுக்கு அளவு பார்க்கிறார். முந்நூறு ரூபாய் வாங்கிக்கிட்டார். நெயில் பாலிஷைச் சுரண்டவா வேண்டாமான்னு கேட்டார். இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.

வர்ற வழியெல்லாம் ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருந்தது. நல்ல ரோட்டுல அழுத்தி பிரேக் பிடிச்சா அறுபதுல போற வண்டி நிக்க சுமார் இருபது மீட்டர் ஆகும். எழுபத்தஞ்சுல முப்பத்தொரு மீட்டர். ஒரு பஸ் நீளம் கூடுதல். கால் பிரேக்குக்குப் போற நேரத்துல ஓடுற தூரம் தனி. இந்த ஒரு பஸ் நீளத்தை நான் எங்கப்பாகிட்ட இருந்து பதினஞ்சு வருஷமா எடுத்து வெச்சிருந்திருக்கேன், அவருக்குத் தெரியாம. ஏ.பி.எஸ். இல்லாத, ஏர் பேக் இல்லாத வண்டி.

இதுல அம்மா கதை வேற இருக்கு. முன் சீட்டுல உக்காந்து டாஷ்போர்டு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டே வருவாங்க. "ஏங்க, மரமெல்லாம் பறக்குதுங்க, கொஞ்சம் மெதுவா போங்களேன்." அப்பா விரலால மீட்டர் கண்ணாடியைத் தட்டுவார். "பாரு. அறுபது. உனக்கு எப்பவும் பயம்." பின் சீட்டுல இருந்து நாங்க எல்லாரும் சிரிப்போம். நானும்தான். கொஞ்ச வருஷத்துல அம்மா சொல்றதை நிறுத்திட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டு ஏதாவது முணுமுணுப்பாங்க.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். சலான் சரி, மீட்டர் தப்பு, மீட்டரைத் தப்பாக்கினது நான். 2009, ஸ்பூன், நெயில் பாலிஷ் எல்லாத்தையும். திட்டுவார்னு எதிர்பார்த்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அப்பா தட்டையே பார்த்துக்கிட்டு, "டைரியில நானே எழுதியிருக்கேன்டா. நாற்பத்தெட்டு கிலோமீட்டர், நாற்பத்திரண்டு நிமிஷம். எட்டாங்கிளாஸ் பையன் கண்டுபிடிச்சிருப்பான்" என்றார்.

அம்மா குழம்பு ஊத்திக்கிட்டிருந்தவங்க, கரண்டியைக் கீழ வெக்காமலே கேட்டாங்க. "பாப்பாவுக்கு மொட்டை போட வைத்தீஸ்வரன் கோயில் போனோமே, அப்பவும் அப்படித்தானா?"

2012. மகளுக்கு ஒரு வயசு. அம்மா மடியில உக்காந்து வந்தா.

"ஆமாம்மா" என்றேன்.

வேற எதுவும் கேட்கல. எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வெச்சாங்க.

சலான் ஆயிரத்தை நான் கட்டுறேன்னு சொன்னேன். ஓட்டினது நான், நான்தான் கட்டுவேன்னு அப்பா ஆன்லைன்ல கட்டிட்டார். மீட்டர் கடை முந்நூறை மட்டும் என் கணக்குல எழுதிக்கிட்டார். டைரியில சிவப்பு மையால ஏதோ குறிச்சார். எட்டிப் பார்க்கல.

மறுநாள் காலையில கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு எங்களைக் கொண்டு வந்து விட அம்மாவும் கூட வந்தாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு நேரா போகாம பைபாஸ்ல ஒரு சுத்து கூட்டிட்டுப் போனார் அப்பா. முள்ளு அறுபதுல நின்னுச்சு. எல்லா வண்டியும் எங்களைத் தாண்டிப் போச்சு, ஒரு கரும்பு லாரிகூட. அப்பா கண்ணாடியைத் தட்டல. அம்மா ஜன்னல் வழியா மரங்களைப் பார்த்துக்கிட்டே வந்தாங்க. கை மட்டும் டாஷ்போர்டு விளிம்புலயே இருந்தது.